ஸ்டெப்னி சிறியதாக இருக்கலாம், பொருந்தாததாக இருக்கக் கூடாது

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் எதையெல்லாம் விசாரிக்கிறார்கள்? மைலேஜ், ஏசி, டச் ஸ்கிரீன், சன்ரூஃப், கலர்... டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்த்து, "ஸ்டெப்னி என்ன சைஸ்?" என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. அதற்கான பதில் பெரும்பாலும் டயர் கிழிந்து நடுரோட்டில் நிற்கும் ராத்திரியில்தான் தெரிய வருகிறது!

இப்போது பல கார்களில் ஓடும் நான்கு சக்கரங்களும் ஓர் அளவு, டிக்கியில் கிடக்கும் ஐந்தாவது சக்கரம் வேறு அளவு. இந்தச் சின்னச் சக்கரத்துக்குத்தான் 'ஸ்பேஸ் சேவர்' என்று பெயர். இடமும் எடையும் செலவும் மிச்சம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் காரணம். "அஞ்சாவது டயரிலும் காசு பார்த்துட்டாங்க" என்பது வாங்கியவர்களின் புலம்பல். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் சக்கரம் சிறியதா பெரியதா என்பதை விட, அந்தக் காருக்கும் அந்தப் பயணத்துக்கும் பொருந்துமா என்பதுதான் முக்கியமான கேள்வி.

'ஸ்டெப்னி' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள் 1904 வாக்கில் ஒரு மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அது முழுச் சக்கரம் கூடக் கிடையாது. ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயர் மட்டும். பஞ்சரான சக்கரத்தோடு அதைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். ஆக, உலகின் முதல் ஸ்டெப்னியே ஒரு தற்காலிக ஏற்பாடுதான். ஸ்பேஸ் சேவரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்பேஸ் சேவரில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, தற்காலிக உபயோகத்துக்கென்றே தயாராகும் மெல்லிய டயர். இதன் பக்கவாட்டில் அளவுக்கு முன்னால் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இரண்டாவது வகை, அகலம் குறைந்த சாதாரண டயரைச் சிறிய இரும்பு ரிம்மில் மாட்டியது. இந்தியச் சாலைகளில் ஓடும் பல கார்களில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். பொதுவாக இரண்டிலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டப்பட்டிருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது டயரின் மொத்த உயரம். ரிம் சிறியதாக இருந்தாலும் உயரம் ஒத்துப்போகலாம். 195/55 ஆர்16 டயரின் உயரம் சுமார் 621 மி.மீ. 165/80 ஆர்14 டயரின் உயரம் சுமார் 620 மி.மீ. ரிம் இரண்டு அங்குலம் சிறியது, ஆனால் உயரத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான்! அதே காரில் 125/70 அளவுள்ள 15 அங்குல 'டி' டயரை மாட்டினால் உயரம் 556 மி.மீ.தான் வரும். கார் ஒரு பக்கம் சாயும். இரண்டு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை போகும் கார்களில் இது இன்னும் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது ரிம். போல்ட் துளைகளின் எண்ணிக்கை, அவற்றுக்கு இடையிலான அளவு, நடுத் துளை, ரிம் உள்ளே தள்ளி உட்காரும் அளவு எல்லாம் பொருந்த வேண்டும். பெரிய டிஸ்க் பிரேக் உள்ள காரில் சிறிய ரிம் காலிப்பரில் இடிக்கும். டயரின் சுமை எண்ணும் காருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடையில் வாங்குகிறவர்கள் அங்கேயே முன்னும் பின்னும் ஒருமுறை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது. வெளியில் அலாய் வீல் போட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலாய்க்குக் கொடுத்த நட்டு இரும்பு ரிம்முக்குச் சரியாக உட்காராமல் போகலாம். அப்படியானால் பழைய நட்டுகளையும் டிக்கியிலேயே வைத்திருக்க வேண்டும்.

காற்று விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'டி' வகை டயருக்குப் பொதுவாக 60 பி.எஸ்.ஐ. தேவை. பெட்ரோல் பங்கில் மற்ற டயர்களைப் போல 32 அடித்தால் அது பாதிக் காற்றுதான். வயதும் முக்கியம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கெட்டுப்போகும்.

முன் சக்கரங்கள் இழுக்கும் காரில் முன் டயர் பஞ்சரானால், பின்னாலிருக்கும் நல்ல சக்கரத்தை முன்னால் மாட்டி, ஸ்பேஸ் சேவரைப் பின்னால் போடுவதே பாதுகாப்பு. ஜாக்கியை இரண்டு முறை வைக்க வேண்டிய வேலைதான். ஆனால் இழுவை, திருப்பம், பிரேக்கின் பெரும்பகுதி எல்லாம் முன் சக்கரங்கள் மேல்தான் விழுகின்றன.

ஸ்டெப்னியே இல்லாமல் கார் விற்கவும் இந்தியாவில் இப்போது வழி இருக்கிறது. 2020-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகளின்படி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆணி குத்தினால் கிட் போதும். குழியில் விழுந்து டயரின் பக்கவாட்டு கிழிந்தால் அந்த மருந்து பாட்டிலால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு சின்னச் சக்கரம் தெய்வம் போல!

நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்குப் பொருத்தமான ஸ்பேஸ் சேவர் தாராளமாகப் போதும். பக்கத்திலேயே பஞ்சர் கடை இருக்கும். ஆனால் குடும்பத்தோடு இரவில் நெடுஞ்சாலையிலும் மலைப்பாதையிலும் அடிக்கடி போகிறவர்கள் முழு அளவு சக்கரத்தையே கேட்டு வாங்குவது நல்லது. ஸ்பேஸ் சேவரின் குழியில் கழற்றிய பெரிய சக்கரம் அடங்காது. ஐந்து பேரும் பெட்டிகளும் இருக்கும் காரில் அதை யார் மடியில் வைப்பது?

சன்ரூஃப் இல்லாமல் வீடு வந்து சேரலாம், சக்கரம் இல்லாமல் முடியாது. பணம் கட்டும் முன் டிக்கியைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் கூட ஆகாது.