சாவி யார் கையில்?

வாடகை வீடுகளுக்குள் புதிய விருந்தாளி ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். அவனுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனால் கண் உண்டு, காது உண்டு. கண்டதையும் கேட்டதையும் மறக்காத ஞாபகமும் உண்டு. 'ஸ்மார்ட் சாதனம்' என்று அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். குரல் கொடுத்தால் எரியும் பல்பு, செல்போனைத் தொட்டால் திறக்கும் பூட்டு, வாசலில் வருபவரைப் படம் பிடிக்கும் அழைப்பு மணி, பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் ஒலிபெருக்கி ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

யந்திரத்தின் மீது நமக்குப் பகை கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர் எழுந்திருக்காமலே விளக்கைப் போட முடியுமானால் அது நல்லதுதான். இரண்டாம் ஷிப்ட்டில் நிற்கும் தாய், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வீடு சேர்ந்துவிட்டானா என்று அங்கிருந்தே தெரிந்துகொள்ள முடியுமானால் அதுவும் நல்லதுதான். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. இந்த விருந்தாளி யாருக்குக் கட்டுப்பட்டவன்? குடியிருப்பவருக்கா, வீட்டுச் சொந்தக்காரருக்கா, அவனை விற்ற கம்பெனிக்கா?

சாதாரணப் பூட்டில் விஷயம் எளிது. சாவி எவரிடம் இருக்கிறதோ அவர் திறக்கலாம். யார் வந்தார், யார் போனார் என்று அந்தப் பூட்டு எவரிடமும் போய்ச் சொல்லாது. ஸ்மார்ட் பூட்டு அப்படியல்ல. அதற்கு ஒரு 'கணக்கு' உண்டு. பாங்குக் கணக்கைப் போல அது யாராவது ஒருவர் பெயரில் இருக்கும். கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரே எஜமானர். யாருக்குத் திறக்கலாம், யாருக்குத் திறக்கக் கூடாது என்பதை அவர் எங்கோ உட்கார்ந்துகொண்டே முடிவு செய்யலாம். கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, யாருக்குக் கொடுத்த எண்ணால் திறந்தது என்ற குறிப்பும் அவர் பார்வைக்குப் போகும். பெரும்பாலான சாதனங்களில் இந்தக் குறிப்புகள் வீட்டோடு நிற்பதில்லை. இண்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகின்றன.

மில் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் விரலை வைத்துவிட்டுத்தான் பல மில்களில் உள்ளே போகிறோம். அந்தக் குறிப்பு நம்மிடம் இல்லை. டைம் ஆபீசிடம் இருக்கிறது. ஐந்து நிமிஷத் தாமதம் சம்பளத்தில் பிடித்தமாக வந்து நிற்கும்போதுதான் குறிப்பின் மகிமை நமக்குப் புரிகிறது. ஆனாலும் மில் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. வீட்டு வாசலிலும் ஒரு டைம் ஆபீஸ் வந்து உட்கார்ந்தால்?

விவசாயத் தொழிலாளிக்கோ இது இன்னும் பழைய கதை. மிராசுதாரரின் மனையில் குடிசை போட்டிருந்தவன் கூலியை உயர்த்திக் கேட்டால், 'மனையைக் காலி செய்' என்ற மிரட்டல் வரும். குடிசை அவன் உழைப்பில் எழுந்தது. மனையோ வேறொருவர் பெயரில் இருந்தது. குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே உடைமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971ல்தான் வந்தது. எவர் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி சின்னக் கேள்வியல்ல என்பதை நம் மக்கள் பட்டறிந்தவர்கள்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் நடந்ததைப் பார்க்கட்டும்.

அந்நகரின் புரூக்ளின் பகுதியில் அட்லாண்டிக் பிளாசா டவர்ஸ் என்று இரண்டு அடுக்குமாடிக் கட்டிடங்கள் உள்ளன. சுமார் 700 வீடுகள். குடியிருப்போரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வாடகையை இஷ்டம் போல் உயர்த்த முடியாதபடி சர்க்கார் வரம்பு விதித்த வீடுகள் அவை. 2018ல் கட்டிடச் சொந்தக்காரர் வாசலில் முகத்தைப் படிக்கும் யந்திரத்தை வைக்க அனுமதி கேட்டு மாநில வீட்டுவசதி இலாகாவுக்கு மனுப் போட்டார். யந்திரம் முகத்தை அடையாளம் கண்டால் கதவு திறக்கும். காரணம் என்ன? பாதுகாப்பாம்!

அங்கே கேமராக்களுக்குக் குறைவில்லை. மின்சாரச் சாவியும் ஏற்கெனவே இருந்தது. பிறகு முகம் எதற்கு? பழைய குடித்தனக்காரர் காலி செய்தால் அடுத்து வருபவருக்கு வாடகையை ஏற்றலாம் என்பது அன்றைய சட்டம். 2019 ஜூனில்தான் அது மாறியது. யார் வீட்டில் யார் தங்குகிறார், எத்தனை நாள் தங்குகிறார் என்று குறிப்பெடுத்துக் குற்றம் கண்டுபிடித்து வெளியேற்றவே இந்த ஏற்பாடு என்று குடியிருப்போர் சந்தேகப்பட்டனர். சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியவர்களும் நிர்வாகத்தினரே. 2018ன் பிற்பகுதியில் சில பெண்கள் கட்டிடத்தின் முன்கூடத்தில் நின்று அக்கம்பக்கத்தாருக்கு விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள். கூடத்துக் கேமரா பிடித்த அவர்களுடைய படத்தையே இணைத்து, 'இங்கே நின்று இப்படிச் செய்யக் கூடாது' என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியது. கேமரா யாருக்காக விழித்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அந்த யந்திரக் கலையின் லட்சணத்தையும் பார்ப்போம். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று கம்பெனிகளின் முறைகளை 2018ல் ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சோதித்தனர். வெள்ளை நிற ஆண்கள் விஷயத்தில் தவறு 100க்கு ஒன்றைத் தாண்டவில்லை. கறுத்த நிறப் பெண்கள் விஷயத்திலோ ஒரு முறையில் தவறு 100க்கு 34ஐயும் தாண்டியது. இப்படிப்பட்ட கலையை நம்பியா ஒரு கறுப்பினத் தாய் தன் வீட்டு வாசலில் நிற்பது?

அந்த மக்கள் அஞ்சவில்லை. கதவு கதவாகத் தட்டினார்கள், கூட்டம் போட்டார்கள். 2019 மே மாதம் 130க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு இலாகாவிடம் எதிர்ப்பு மனுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கட்டிடச் சொந்தக்காரர் தம் திட்டத்தைக் கைவிட்டார்.

அதே நகரின் மன்ஹாட்டன் பகுதியில் இன்னொரு கட்டிடம். அங்கே வாசலுக்குச் செல்போனால் திறக்கும் பூட்டைப் போட்டார்கள். குடியிருந்தவர்களில் ஒருவர் 93 வயது முதியவர். செல்போன் வித்தை தெரியாத அவர் தம் சொந்த வீட்டிலேயே சிறைப்பட்டவர் போல் ஆனார். ஐந்து பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. கேட்பவருக்கெல்லாம் சாதாரணச் சாவி கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வாடகை கொடுத்து வாழும் மனிதர் வாசற் சாவிக்காகக் கோர்ட் படி ஏற வேண்டியதாயிற்று!

இந்தப் போராட்டங்களுக்குப் பின் 2021ல் நியூயார்க் நகரசபை ஒரு சட்டம் செய்தது. குடியிருப்பவர் சம்மதமில்லாமல் இத்தகைய வாசல்களில் தகவல் திரட்டக் கூடாது. திரட்டியதை விற்கக் கூடாது. வந்துபோன குறிப்புகளை 90 நாளுக்குள் அழிக்க வேண்டும். துன்புறுத்தவோ வெளியேற்றவோ அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்பவை அதன் அம்சங்கள். நல்ல சட்டமே. ஆனால் சம்மதம் என்ற சொல்லில் ஒரு பொத்தல் இருக்கிறது. வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பாக உள்ள ஊரில், அட்வான்ஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? தனி ஆளின் சம்மதம் மலிவாகக் கிடைக்கும். கட்டிடம் முழுவதும் சேர்ந்து நின்றால்தான் 'மாட்டோம்' என்ற சொல்லுக்கு மதிப்பு.

வீட்டுச் சொந்தக்காரரோடு முடிந்ததா? இல்லை. விற்ற கம்பெனியும் வீட்டுக்குள் ஒரு காலை வைத்திருக்கிறது. 'ரிவால்வ்' என்று ஒரு பெட்டியை அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றார்கள். வீட்டுச் சாதனங்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி அது. அந்தக் கம்பெனியை 2014ல் நெஸ்ட் என்ற பெரிய கம்பெனி விழுங்கியது. 2016 மே மாதம் தன் கம்ப்யூட்டரை நிறுத்தியது. வாங்கியவர் வீட்டில் இருந்த பெட்டி அன்றோடு செத்தது. அமேசானுக்குச் சொந்தமான ரிங் கம்பெனியின் கதை இன்னொன்று. மக்கள் தங்கள் வீட்டில் மாட்டிய கேமராவின் படங்களைக் கம்பெனி ஊழியர்கள் பார்க்க விட்டது என்று 2023ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கம்பெனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அப்படியானால் வாடகை வீட்டில் இருப்பவர் இந்தச் சாதனங்களைத் தொடவே கூடாதா? தொடலாம். ஆனால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும்.

முதலாவது, நாம் காசு கொடுத்து வாங்கி, நம் பெயரில் கணக்குத் திறந்து, வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருளே நம்முடையது. பல்பும் பிளக்கும் இந்த வகை. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. பழைய பல்பைப் பத்திரமாக வைத்திருந்து போகும்போது மாட்டிவிடலாம்.

இரண்டாவது, குடிபோகும் வீட்டில் முன்பே மாட்டியிருக்கும் பொருளானால், பழைய கணக்கை அடியோடு அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்ல வேண்டும். இல்லையேல் முன்பு குடியிருந்தவரும் சொந்தக்காரரும் நம் வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது, வாசல் கதவுக்குச் சாதாரணச் சாவி கட்டாயம் வேண்டும். மின்சாரம் போகும், செல்போன் தொலையும், கம்பெனி மூடும். இரும்புச் சாவி இவை எதையும் நம்பி இல்லை.

நான்காவது, என்ன சாதனம், யார் பெயரில் கணக்கு, குறிப்பு எத்தனை நாள் இருக்கும் என்பதை வாடகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வாய்ச்சொல் போதாது.

ஐந்தாவது, வீட்டுக்குள்ளும் இதே நியாயம் வேண்டும். கணவன் ஒருவன் பெயரில் மட்டும் கணக்கு இருந்து, மனைவி வாசலைத் தாண்டும் நேரமெல்லாம் அவன் செல்போனில் வந்து விழுமானால், டைம் ஆபீஸ் நாற்காலியில் அவன் உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். இருவருக்கும் சம உரிமை இருக்கட்டும்.

வாடகை என்பது தானம் வாங்குவதல்ல. மாதம் முழுதும் உழைத்த கூலியில் பெரும்பகுதியை எண்ணிக் கொடுத்து, ஒரு கதவுக்குப் பின்னால் நிம்மதியாக வாழும் உரிமையை வாங்குகிறோம். யார் வந்தார், எப்போது விளக்கணைந்தது, என்ன பேசினார்கள் என்ற விவரம் அந்த விலையில் அடங்கியதல்ல. யந்திரம் வரட்டும், நம் வேலையைச் செய்யட்டும். நம்மை வேவு பார்க்கும் வேலை மட்டும் அதற்கு வேண்டாம். வாடகை கொடுப்பவர் நாம் என்றால், சாவியும் நம் கையில்தான் இருக்க வேண்டும்!