இல்லத்தில் விஞ்ஞானம்: அடைபட்ட ஆவியின் வலிமை



நோன்புக் காலத்தில் கஞ்சியும் கறியும் விரைந்து ஆக வேண்டுமென்று குக்கரையே நம்பியிருக்கின்றோம். மஃரிபு பாங்கு நெருங்கும் பரபரப்பில், ஆவி அடங்குமுன்னரே மூடியைத் திறக்க முயல்வோரும் உண்டு. அதிலுள்ள ஆபத்தை அறிந்துகொள்வது அவசியமாகும்.

வாயுவின் நுண்துகள்கள் ஓயாது ஓடிக்கொண்டேயிருக்கின்றன. அவை பாத்திரத்தின் சுவரில் மோதுவதால் உண்டாவதே அழுத்தம். சூடேறினால் ஓட்டம் விரைவுபெறும், மோதலும் வலுக்கும். திறந்த பாத்திரமாயின் வாயு விரிந்து வெளியேறிவிடும். மூடிய பாத்திரத்தில் வழியில்லாததால் அழுத்தம் உயரும். 27 டிகிரி செல்சியசில் அடைபட்ட காற்றை 127 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும்.

குக்கரிலோ நிலைமை இன்னும் கடுமையானது. உள்ளிருக்கும் நீரும் ஆவியாகிச் சேர்ந்துகொண்டேயிருப்பதால் அழுத்தம் மிக விரைவாக ஏறுகின்றது. அவ்வழுத்தத்தில் நீர் 100 டிகிரியைக் கடந்து ஏறத்தாழ 120 டிகிரிவரை சூடேறும். கறி விரைந்து வேகும் இரகசியம் இதுவே. அப்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட இரு மடங்காகும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை அது சுமார் 300 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் தள்ளிக்கொண்டிருக்கும்!

இந்நிலையில் நெம்பித் திறந்தால் மூடி பறப்பதோடு முடியாது. அழுத்தம் திடீரென நீங்குவதால், உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகிச் சீறி, கொதிக்கும் கஞ்சியை முகத்தில் வாரியிறைக்கும்.

1679-இல் இலண்டனில் இத்தகைய பாத்திரத்தை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் டெனி பாப்பின், மிகுந்த ஆவியைத் தானே வெளிவிடும் வால்வையும் அதில் அமைத்தார். ஆபத்தை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

ஆகவே குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரைத்துப் பொங்கும் அரிசி, பருப்பாயின் பாதியே போதும். வெயிட் வைக்கும் ஆவிக்குழாயில் பருக்கை அடைத்துள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சேஃப்டி வால்வு பழுதானால் அந்தக் குக்கருக்குரிய வால்வையே மாற்றுங்கள்.

அடுப்பை அணைத்தபின் ஆறவிடுங்கள். சூடு தணியத் தணிய ஆவி மீண்டும் நீராகும். அழுத்தமும் தானே இறங்கும். இது படைத்தவன் அமைத்த ஒழுங்கு. நம் அவசரத்திற்காக அது மாறாது. கஞ்சியைச் சற்று முன்னதாகவே அடுப்பில் ஏற்றுங்கள். பகலெல்லாம் பசி பொறுத்த நாம், இந்தச் சில நிமிடங்களும் பொறுப்போமாக!

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.