பாலத்தை விக்காதேங்கோ

மொத்மேனை ஆர் வேணுமெண்டாலும் கீறலாம். பொம்மையாய்த் தைக்கலாம், தோடாய்ச் செய்யலாம், களிமண்ணில் பிடிக்கலாம். அதுக்கு ஒருத்தரிட்டையும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் இடிஞ்சு விழுகிற பாலத்துக்கு மேல அது செட்டை விரிச்சு நிக்கிற மாதிரிக் கீறி, அதை விற்பதை என்னால் ஏற்க முடியாது.

தெரியாத ஆக்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்லுறன். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில், ஒஹாயோ ஆற்றங்கரையில் பொயின்ட் பிளெசன்ட் என்றொரு சின்ன ஊர். 1966 நவம்பரில் ஓர் இரவு காரில் போன இரண்டு இளம் சோடிகள், பெரிய செட்டையும் சிவப்பாய் மினுங்கும் கண்களும் கொண்ட ஓர் உருவம் தங்களைத் துரத்தியதாகச் சொன்னார்கள். பத்திரிகைகள் அதுக்கு மொத்மேன் எண்டு பேர் வைச்சன. 2002 இலிருந்து அந்தப் பெயரில் ஊரில் ஒரு திருவிழா, செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில். ஆயிரக்கணக்கில் சனம் வரும். தெரு முழுக்க மேசைகள். ஓவியம், ஸ்டிக்கர், பின்னல் பொம்மை, ரீசேர்ட்.

"உது பேய் யாவாரம், கலையே இல்லை" எண்டு சொல்லுற ஆக்கள் எங்கட பீடத்திலும் இருக்கினம். எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்ல. கண்டவர்கள் சொன்னது கொஞ்ச விவரம்தான்: செட்டை, கண், உயரம். மிச்சத்தைச் செய்தது கைகள். 2003 இல் பொப் ரோச் என்ற சிற்பி உலோகத்தில் செய்த சிலை அந்த ஊரில் நிற்கிறது. பூச்சி முகமும் திரண்ட தசையுமாய் இன்று பலர் மனதில் இருக்கிற மொத்மேனில் பெரும் பங்கு அந்தச் சிலையுடையது. ஆகவே மேசைக்குப் பின்னால் நிற்பவர் ஏற்கெனவே இருக்கிற பேயைப் பிரதி எடுக்கவில்லை. அதைச் செய்கிறவர்களில் அவரும் ஒருவர். எங்கட கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் முனிக்கும் ஆச்சிமார் வாயால் செய்த வேலையும் இதுதான்.

பிரச்சினை பாலம். 1967 டிசம்பர் 15, நத்தாருக்குப் பத்து நாள் இருக்க, பின்னேர நெருக்கடி நேரத்தில் சில்வர் பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. 46 பேர் செத்தார்கள். இரண்டு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. ஏன் விழுந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பாலம் 1928 இல் கட்டினது. அதைத் தாங்கிய சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டே இரண்டு உருக்குச் சட்டங்கள். அதில் ஒரு சட்டத்தின் துளை ஓரத்தில் சுமார் இரண்டரை மில்லிமீற்றர் ஆழமான வெடிப்பு, அதுவும் மூட்டைக் கழற்றாமல் பார்க்க ஏலாத இடத்தில். ஒன்று முறிஞ்சால் மொத்தமும் விழும் மாதிரித்தான் வடிவமைத்திருந்தார்கள். கட்டின காலத்துக் கார்களைவிட 1967 இன் கார்களும் லொறிகளும் எவ்வளவோ பாரம். நாடு முழுக்கப் பாலங்களைப் பரிசோதிக்கும் ஒழுங்குக்கு அங்கே சட்டம் வந்ததே இந்தச் சாவுகளுக்குப் பிறகு, 1968 இல்.

1975 இல் ஜோன் கீல் இதை வைத்துப் புத்தகம் எழுதினார். 2002 இல் அது படமாய் வந்தது. பூதமும் பாலமும் ஒரே கதையாய் ஒட்டிப்போச்சு. "அது எச்சரிக்க வந்தது", "அது சாபம்" எண்டு கதைக்கத் தொடங்கினால் உருக்கைப் பற்றி ஆர் கேக்கப்போகினம்? 2004 சுனாமியைக் கடல்தாயின் கோபம் எண்டு சொல்லக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது புதுசில்லை. இந்து சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே இருக்கவில்லை என்ற விசயம் அந்தக் கோபத்துக்குள்ள மறைஞ்சு போகும்.

"சனம் கேக்குது, விக்கிறம்" எண்டு பதில் வரும். மேசை வாடகை, பயணச் செலவு, மழை வந்தால் எல்லாம் நாசம். விளங்குது. நானும் லினோ வெட்டி அச்சடிச்சுக் கம்பஸ் வாசலில் விக்கிற ஆள்தான். ஆனால் கையால் செய்ததுக்கு நாங்கள் கூடக் காசு கேக்கிறம், ஏன்? செய்த ஆள் முன்னால நிக்கிறார், கேட்டால் பதில் சொல்லுவார் எண்டுதானே. தொழிற்சாலைச் சாமானிட்ட ஒண்டும் கேக்க ஏலாது. அப்படியெண்டால், அந்த ஊர் மனிசர் ஒருவர் மேசைக்கு வந்து "இதில விழுற காருக்குள்ள இருந்தது என்ர அப்பா" எண்டு சொன்னால் என்ன பதில்? விலையைக் குறைச்சுக் குடுக்கிறதோ? 1967 இல் பிள்ளைகளாய் இருந்தவர்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயசுதான்.

பாலத்தைக் கீறவே கூடாது எண்டு சொல்லேல்ல. கீறுங்கோ. முறிஞ்ச சட்டத்தைப் பெரிசாய்க் கீறுங்கோ, கீழ தேதியையும் 46 எண்ட எண்ணையும் போடுங்கோ. பூதத்தை மட்டும் அந்தத் தாளிலிருந்து எடுத்து விடுங்கோ. அதை வாங்க ஆள் வராட்டி, பக்கத்தில பின்னல் பொம்மையை வைச்சு மேசை வாடகையை எடுக்கலாம்.