எல்லாக் காது கேளாமைக்கும் எறிகணையா காரணம்?

எறிகணைச் சத்தத்தில் செவிப்புலனை இழந்தவர்கள் எம்மிடையே உள்ளனர். அதனால்தானோ என்னவோ, யுத்தம் முடிந்தபின் பிறந்த பிள்ளைக்குக் காது கேட்காவிட்டாலும் தாய் பதுங்குகுழியில் பட்ட பயத்தையே காரணமாகச் சொல்கிறோம். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

உட்செவிக் கலங்களுக்கிடையே பொற்றாசியம் அயன்கள் கடந்து செல்லும் நுண்ணிய வாய்க்கால்களை அமைப்பது கொனெக்சின் 26 என்ற புரதம். அதற்குரிய பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்டால் வாய்க்கால்கள் செயலிழக்கும். பிள்ளை பிறவியிலேயே கேளாது. இது 1997 இல் கண்டறியப்பட்டது.

தாய், தகப்பன் இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும். ஆனால் இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீத ஆபத்து உண்டு. சொந்தத்துக்குள் திருமணம் செய்தால் அத்தகைய இருவர் சேரும் சாத்தியம் கூடும்.

பெரும்பாலும் செவிநரம்பு பழுதடைவதில்லை. நேரகாலத்துடன் கொக்லியர் கருவி பொருத்தினால் பிள்ளை பேசப் பழகும். தாயைக் குறைசொல்லிக் கழிக்கும் மாதங்களில் பறிபோவது அந்தப் பேச்சுத்தான்.