களம் கண்டவருக்கே செய்தி மேசை: தொலைக்காட்சி இதழியல் மாணவர் பயிற்சி குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

தமிழ்நாட்டில் செய்தித் தொலைக்காட்சியில் சேர ஆசைப்படும் இளைஞருக்கு இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கல்லூரிகளில் உள்ள இதழியல், விஸ்காம் படிப்புகள். மற்றொன்று, சில வாரங்களிலேயே செய்தி வாசிப்பாளர் ஆக்கிவிடுவதாக விளம்பரம் செய்யும் குறுகியகாலப் பயிற்சிகள். இரண்டிலும் ஒரு வழக்கம் வேரூன்றி வருகிறது. வாசிப்பவர் வேறு, செய்தி சேகரிப்பவர் வேறு என்று தொடக்கத்திலேயே மாணவர்களைப் பிரித்துவிடுகிறார்கள். முகமும் குரலும் எடுப்பாக இருப்பவர் ஸ்டூடியோவுக்குப் போகிறார். மற்றவர்கள் மைக்கோடு வெயிலுக்குப் போகிறார்கள்.

இதழியல் ஆசிரியர்களும் பணியிலிருக்கும் தொலைக்காட்சிச் செய்தியாளர்களும் சேர்ந்து இயங்கும் இப்பேரவை, இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. செய்தி வாசிக்கப் பயிலும் ஒவ்வொரு மாணவரும் அதற்கு முன்பாகக் களத்தில் செய்தி சேகரித்து, தாமே எழுதி, தாமே குரல் கொடுத்து, அந்தச் செய்திக்குப் பொறுப்பேற்றவராக இருக்க வேண்டும் என்பதே பேரவையின் நிலைப்பாடு. பயிற்சிக்காலத்தில் மாணவரின் உழைப்புக்கு ஊதியமும், அவருடைய பாதுகாப்புக்கு நிறுவனத்தின் பொறுப்பும் இருக்க வேண்டும் என்றும் பேரவை வலியுறுத்துகிறது.

எழுதியவரே வாசித்த மரபு

இது புதிய கோரிக்கை அல்ல. அகில இந்திய வானொலியின் தில்லி தமிழ்ப் பிரிவில் பணியின் பெயரே செய்தி வாசிப்பாளர் மற்றும் மொழிபெயர்ப்பாளர் என்றுதான் இருந்தது. ஆங்கிலத்தில் வரும் செய்தித் தொகுப்பைக் கையில் வாங்கி, குறைந்த நேரத்தில் தமிழாக்கி, அதையே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து வாசிக்க வேண்டும். அங்கே வாசித்த, 2022இல் மறைந்த சரோஜ் நாராயண்ஸ்வாமியின் குரலை ஒரு தலைமுறையே நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் குரலின் உறுதி ஒலிப்புப் பயிற்சியால் மட்டும் வந்ததல்ல. எந்த வாக்கியத்தில் என்ன இருக்கிறது, எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்பதைச் செய்தியோடு மல்லுக்கட்டி அறிந்த ஒருவரால்தான் அப்படி வாசிக்க முடியும்.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. பிறகு முழுநேரச் செய்திக்கென்றே தமிழ் அலைவரிசைகள் உருவாயின. 2011இல் புதிய தலைமுறை வந்தபின் போட்டி கூடியது. தந்தி டிவி, நியூஸ் 7 தமிழ், நியூஸ் 18 தமிழ்நாடு என வரிசை நீண்டது. குறித்த நேரத்தில் மட்டும் ஒளிபரப்பான செய்தியறிக்கை நாள் முழுக்க ஓடும் நேரலையாக மாறியபோது, மேசையில் இருப்பவரின் வேலையும் மாறிவிட்டது. எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் நேரம் குறைந்து, கேள்வி கேட்கும் நேரம் கூடியிருக்கிறது. பயிற்சி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

ப்ராம்ப்டர் நிற்கும்போது

நேரலையில் நாள்தோறும் நடப்பதைப் பார்க்கலாம். செய்திகளின் வரிசைப் பட்டியலான ரன்டவுனில் அடுத்து இருப்பது வானிலைச் செய்தி. திடீரென்று பி.சி.ஆர். எனும் தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயர்பீஸில் குரல் வருகிறது: "பஸ் ஆக்ஸிடென்ட், பிரேக்கிங். ஃபோனோ ரெடி, எடுத்துக்கோங்க." வாசிக்க வேண்டியதைக் காட்டும் ப்ராம்ப்டரில் ஒரு வரியும் இல்லை. தொலைபேசியில் மாவட்டச் செய்தியாளர் மூச்சிரைக்க, "அஞ்சு பேர் இறந்துட்டதா சொல்றாங்க" என்கிறார். வாசிப்பை மட்டும் பயின்றவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, "ஐந்து பேர் பலி" என்று அறிவித்துவிடுவார். அடுத்த நொடி திரையின் கீழே எழுத்தாக அது ஓடத் தொடங்கும்.

களத்தில் நின்றவர் வேறு கேள்வி கேட்பார். சொன்னது யார், காவல்துறையா, மருத்துவமனையா, பக்கத்துக் கடைக்காரரா? எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்? பேருந்து எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தது? உறவினர்கள் அழைக்க உதவி எண் அறிவித்திருக்கிறார்களா? விபத்து நடந்த இடத்தில் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்கும் என்பதை அவர் தம் காதால் கேட்டிருப்பார். அதனால், "உறுதிசெய்யப்பட்ட தகவலுக்குக் காத்திருக்கிறோம்" என்று தயக்கமின்றிச் சொல்ல அவரால் முடியும். அந்தப் பேருந்தில் மகளை ஏற்றிவிட்டு வந்த தாய்க்கு இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பேரவை அறியும்.

ஒலிப்பும் இப்படித்தான். லகர, ளகர, ழகரத்தைப் பிரித்துச் சொல்ல ஸ்டூடியோவில் கற்றுத்தரலாம், கற்றுத்தரவும் வேண்டும். ஆனால் ஊர்ப்பெயர், ஆற்றுப்பெயர், அணையின் பெயர், உழவர்கள் புழங்கும் சொற்கள் எல்லாம் அந்தந்த மக்கள் வாயிலிருந்து கேட்டுப் படிய வேண்டியவை. அணையில் கனஅடி, டி.எம்.சி. என்ற இரண்டு அளவுகளும் எதைக் குறிக்கின்றன என்பது மேட்டூரில் அணைப் பொறியாளரிடம் ஒருமுறை பேட்டி எடுத்தவருக்குக் குழம்பாது. நீர்வரத்து நொடிக்கணக்கில் சொல்லப்படுவது, இருப்பு மொத்தக் கொள்ளளவில் சொல்லப்படுவது என்ற வேறுபாடு தெரியாமல் வாசித்தால், நேயர்கள் வெள்ள அபாயத்தைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

சட்டம் தெரியாத முகம் ஆபத்தானது

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்பம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு குற்றமாக்கியிருந்தது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு அதையே செய்கிறது. அந்தப் பெண் இறந்துவிட்டாலும் இந்தப் பாதுகாப்பு தொடரும் என்று 2018இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பெயரைச் சொல்லாமல், "இன்ன தெருவில் இன்ன கடை வைத்திருப்பவரின் மகள்" என்று நேரலையில் ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது. இயர்பீஸில் யாரோ எச்சரிக்கும் முன்பே அந்தச் சொல் காற்றில் போய்விடும்.

2008 மும்பைத் தாக்குதலின்போது பாதுகாப்புப் படையினரின் நகர்வுகளை அலைவரிசைகள் நேரலையாகக் காட்டியதை, அதில் பிடிபட்ட கசாப் மீதான வழக்கின் 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2015இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டக் கூடாது; நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இன்றைய விதி. இவையெல்லாம் பயிற்சியின் முதல் பருவத்திலேயே இடம்பெற வேண்டிய பாடங்கள்.

சட்டம் தொடாத இடங்களும் உண்டு. 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் உயிரற்ற உடலாகவே மீட்க முடிந்தது. அதுவரை தமிழ் அலைவரிசைகள் அனைத்தும் அந்தக் குழியருகிலேயே நின்றன. புதிய தகவல் இல்லாத மணிநேரங்களை எதைக் கொண்டு நிரப்புவது, தாயின் முகத்தில் கேமராவை எவ்வளவு நேரம் வைப்பது, மூடப்படாத ஆழ்துளைக் கிணறுகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2010 வழிகாட்டுதல்களைப் பற்றி அதிகாரிகளிடம் எப்போது கேட்பது என்ற கேள்விகளுக்கு ப்ராம்ப்டரில் விடை இருக்காது. அந்த வீட்டு வாசலில் நின்ற செய்தியாளரும், மேசையில் அமர்ந்தவரும் ஒரே பயிற்சியில் வளர்ந்தவர்களாக இருந்தால்தான் இருவரும் ஒரே அளவுகோலால் முடிவெடுக்க முடியும்.

இயந்திரம் வாசிக்கும் காலத்தில்

2018 நவம்பரில் சீனாவின் ஷின்ஹுவா நிறுவனம் செயற்கை நுண்ணறிவுச் செய்தி வாசிப்பாளரை அறிமுகம் செய்தது. 2023 ஜூலையில் ஒடிசா டிவி 'லிசா'வைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அரசின் டிடி கிசான் அலைவரிசையே 'கிரிஷ்', 'பூமி' என்று இரண்டு கணினி உருவங்களை மேசையில் அமர்த்தியது. இவை களைப்பதில்லை, விடுப்பு கேட்பதில்லை, ஒப்பனை அறையும் வேண்டாம். எழுதிக் கொடுத்ததைப் பிழையின்றி வாசிப்பது மட்டுமே தொழில் என்று ஒரு மாணவருக்குச் சொல்லித் தந்து, பெற்றோரிடம் கட்டணமும் வாங்கினால், அந்த மாணவரை இயந்திரத்தோடு போட்டியிட்டுத் தோற்கத்தான் அனுப்புகிறோம். சாட்சியைத் தேடிப் போய்ப் பேசவைப்பதும், அதிகாரி மழுப்பும்போது அதே கேள்வியை மறுபடி கேட்பதும் கற்றவருக்கு வேலை இருக்கும்.

முகத்தை வைத்துத் தேர்வு செய்வது பற்றி

நிறம், உடல்வாகு, வயது ஆகியவற்றை வைத்து மாணவரை மேசையிலிருந்து விலக்குவதைப் பேரவை எதிர்க்கிறது. நேயர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் நியூஸ் அலைவரிசையில் திருநங்கை பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்கத் தொடங்கினார். நாடு முழுவதும் அது பேசப்பட்டது. நேயர்களைப் பற்றிய அந்த ஊகம் எவ்வளவு பலவீனமானது என்பதும் தெரிந்தது. நெல்லை, கொங்கு, நாஞ்சில் நாட்டுப் பேச்சின் சாயல் குரலில் இருப்பதும் குறையாகாது. சொல் தெளிவாக விழுகிறதா என்பதே அளவுகோல்.

பேரவையின் கோரிக்கைகள்

முதலாவது, செய்தி வாசிப்புப் பயிற்சியைத் தனியாக விற்கக் கூடாது. ஒரு முழுப் பருவமாவது மாணவர் களத்தில் இருக்க வேண்டும். ஊராட்சிக் கூட்டம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் நாள் ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் தாமே பைட் (பேட்டித் துணுக்கு) எடுத்து, வாய்ஸ் ஓவர் எழுதிப் பேசி, பி.டி.சி. (கேமராவை நோக்கிய பேச்சு) கொடுத்து முழுச் செய்தித் தொகுப்பாக முடித்திருக்க வேண்டும்.

இரண்டாவது, போக்சோ தொடங்கி ஒளிபரப்பு விதிகள்வரை ஊடகச் சட்டமும், தற்கொலைச் செய்திகளில் முறையை விவரிக்கக் கூடாது என்பது போன்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களும் தேர்ச்சிக்குரிய கட்டாயப் பாடங்களாக வேண்டும்.

மூன்றாவது, நிறுவனங்கள் இன்டர்ன்ஷிப் மாணவருக்கு உதவித்தொகை தர வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்சாலையில் பழகுபவருக்கு உதவித்தொகை உண்டு. இரவுப் பணியில் திரையின் கீழே ஓடும் டிக்கரை அடித்து, பைட்டை எழுத்தாக்கி, ஒளிபரப்புக்கு உழைக்கும் இதழியல் மாணவரை மட்டும் சான்றிதழோடு அனுப்பிவிடுவது நியாயமில்லை. ஊதியமில்லா மாணவரைக் காட்டி ஸ்ட்ரிங்கர்கள் எனப்படும் பகுதிநேரச் செய்தியாளர்களின் கூலியைக் குறைப்பதும் நிற்க வேண்டும்.

நான்காவது, வாசிப்பாளர் தேர்வின் முதல் சுற்று, படமில்லாமல் குரல் பதிவையும் மாணவர் எழுதிய செய்தியையும் மட்டும் வைத்து நடக்க வேண்டும்.

எழும் மறுப்புகள்

பெண் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குகிறார்கள், ஸ்டூடியோதான் பாதுகாப்பு என்று சொல்லப்படுகிறது. அந்தத் தயக்கத்தைப் பேரவை மதிக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு மாணவியைத் தடுத்து வைப்பதில் இல்லை. வாகனம், துணைக்கு ஒளிப்பதிவாளர், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி அமைந்த, மாணவரும் அணுகக்கூடிய உள்ளகக் குழு ஆகியவை நிறுவனத்தின் கடமை. துன்புறுத்தல் ஸ்டூடியோவுக்குள்ளும் நடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சிறு கல்லூரிகளுக்கு வசதி இல்லை என்பது இன்னொரு மறுப்பு. குரோமா திரையும் விளக்குகளும் கொண்ட ஸ்டூடியோவைக் கட்டத்தான் பெருந்தொகை வேண்டும். களச் செய்திக்கு ஒரு கைப்பேசி, ஒரு லேப்பல் மைக், பேருந்துக் கட்டணம், வழிகாட்ட ஓர் ஆசிரியர் இருந்தால் தொடங்கிவிடலாம்.

மாற்றுத்திறனாளி மாணவரை இது விலக்கிவிடுமே என்ற கவலை நியாயமானது. களம் என்று பேரவை சொல்வது செய்தியின் மூலத்தை நேரடியாக அணுகுவதை. தொலைபேசி வழிப் பேட்டி, ஆவணச் சரிபார்ப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம் ஆகியவற்றால் ஒருவர் ஈட்டும் அனுபவமும் அதே மதிப்புடையது.

எல்லாச் செய்தியாளரும் நல்ல வாசிப்பாளர் ஆகிவிட மாட்டார்கள் என்பதும் உண்மை. குரலும் நிதானமும் தனித் திறன்கள். களப்பயிற்சியை முடித்தவர்களிலிருந்து அந்தத் திறன் உள்ளவர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே பேரவையின் கருத்து.

இனி

பேரவையின் உறுப்பினர்களான ஆசிரியர்கள் தங்கள் துறைகளின் பாடத்திட்டக் குழுக்களில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுவருவார்கள். பணியிலிருக்கும் செய்தியாளர்கள், அவரவர் நிறுவனத்துக்கு வரும் மாணவரைக் குறைந்தது ஒரு முழுச் செய்தித் தொகுப்பாவது அவருடைய சொந்தப் பெயரில் முடிக்க வைப்பார்கள். உதவித்தொகை கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிப்பார்கள். களப்பயிற்சி இல்லாத குறுகியகால வாசிப்பு வகுப்புகளில் பேரவை உறுப்பினர் எவரும் பயிற்றுநராகவோ சிறப்பு விருந்தினராகவோ பங்கேற்பதில்லை என்றும் முடிவாகியிருக்கிறது. அத்தகைய வகுப்பில் சேரும் முன் பெற்றோரும் மாணவரும், பயிற்சியில் களப்பணி எத்தனை வாரம், சொல்லித்தருபவர் எந்தச் செய்தி அறையில் பணியாற்றியவர், இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுமாறு பேரவை கேட்டுக்கொள்கிறது.