கேரவனும் லாரி கேபினும்

கேரவன்னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது சினிமா ஷூட்டிங். ஹீரோ ஏசி போட்டு உள்ளே உக்காந்திருப்பார், வெளியே துணை நடிகர்கள் வெயில்ல நின்னு கருகுவாங்க. ஆனா அமெரிக்காவுல அது பல பேருக்கு வீடு. ஆறு மாசம் பனியில உறைஞ்சு போற ஊர்க்காரங்க, குளிர்காலம் வந்தா வீட்டைப் பூட்டிட்டு, படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கிட்டு தெற்கே கிளம்பிடுவாங்க. அரிசோனா மாநிலத்துல க்வார்ட்ஸைட்னு ஒரு ஊர் இருக்கு. சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கிற பாலைவன ஊர். ஜனவரியில போய்ப் பார்த்தா கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வண்டிகள்தான்.

இதுல என் கண்ணுல பட்டது வண்டி இல்லீங்க, ரசீது. (காமர்ஸ் படிக்கிறவன் புத்தி :-) அந்த ஊருக்குப் பக்கத்துல லா போசான்னு ஒரு பொட்டல் இருக்கு. அரசாங்க நிலம். செப்டம்பர் 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் ஏழு மாசம் அங்கே வண்டியைப் போட்டுத் தங்க பல வருஷமா வாங்குற கட்டணம் 180 டாலர். நம்ம கணக்குல சுமார் 16 ஆயிரம் ரூபாய். அதுக்கு என்ன கிடைக்குது? தண்ணி பிடிக்க ஒரு இடம், குப்பை போட ஒரு இடம், வண்டியோட கழிவுத் தொட்டியைக் காலி பண்ண ஒரு இடம். எல்லாத்துக்கும் மேல, "இங்கே நிக்காதே, எடு வண்டியை"ன்னு யாரும் கேபின் கதவைத் தட்ட மாட்டாங்க.

அங்கே வர்ற எல்லாரும் பணக்காரங்கன்னு நினைக்காதீங்க. 2020ல வந்த 'நோமட்லேண்ட்' படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். வேலையும் வீடும் போய், வேனே கதின்னு ஆனவங்களும் அந்தப் பாலைவனத்துலதான் குளிர்காலத்தைத் தள்றாங்க. அவங்களுக்கும் அதே குழாய்தான்.

சரி, இதுக்கும் தாம்பரத்துக்கும் என்ன சம்பந்தம்?

வண்டலூர்ல இருந்து வாலாஜாபாத் ரோட்டுல போங்க. படப்பை தாண்டி ஒரகடம் நெருங்கும்போது ரோட்டோரம் பாருங்க. கண்டெய்னர் லாரி, டிரெய்லர், புது கார்களை ஏத்திட்டுப் போற நீள நீளமான வண்டி. நம்பர் பிளேட்டைப் படிச்சாலே பாதி இந்தியா வந்துடும். லோடுக்காகவும், கேட் பாஸுக்காகவும், நகருக்குள்ள போக ராத்திரி ஆகட்டும்னும் நிக்கிற வண்டிங்க. ஒரு நாள், ரெண்டு நாள், சில சமயம் அதுக்கும் மேல. அந்த வண்டிக்குள்ள இருக்கிறவங்களுக்கும் வண்டிதான் வீடு. வித்தியாசம் ஒண்ணுதான். அவங்க நிக்கிற இடத்துல குழாய் கிடையாது.

அந்தக் குடித்தனத்தைக் கொஞ்சம் பார்ப்போம். வண்டியோட பக்கவாட்டுல ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் சமையலறை. அரிசி, மசாலா, வெங்காயம், சின்ன கேஸ் அடுப்பு எல்லாம் அதுக்குள்ளே. பெட்டிக் கதவைச் சாய்ச்சா மேடை ரெடி. வடக்கத்தி டிரைவர்னா சப்பாத்தி மாவு, நம்ம சங்ககிரி, நாமக்கல் பக்கத்து ஆள்னா சோறும் ரசமும். சைடு மிரர்ல ஷேவிங். கேபினுக்கும் பாடிக்கும் நடுவுல கொடி கட்டித் துணி காயும். குளிக்க ஒரு கேன் தண்ணி. மத்த விஷயத்துக்கு விடியறதுக்கு முன்னாடி காலி மனை. அந்தக் காலி மனைகளும் வருஷா வருஷம் காம்பவுண்டு சுவராகிட்டு வருது.

நம்ம குளிர்காலம் அரிசோனா மாதிரி வெயில் காலமும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில மழை. வண்டிக்கு அடியில தண்ணி நின்னா அன்னைக்கு அடுப்பு கிடையாது. மார்கழியில கொசு. கண்ணாடியை ஏத்தினா மூச்சு முட்டும், இறக்கினா கொசு பிடுங்கும். அசந்து தூங்கவும் முடியாது, டீசலும் பேட்டரியும் காணாமப் போயிடும். படப்பை டீக்கடையில ஒரு சங்ககிரி டிரைவர் அண்ணன் சொன்னார்: "ஓட்டும்போது களைப்பே தெரியாது தம்பி. நிக்கும்போதுதான் உடம்பு நோகுது."

அவர் சொன்னதுல இன்னொரு விஷயமும் இருந்தது. அவருக்குச் சம்பளம் டிரிப் கணக்கு. நின்ன நாளுக்குச் சாப்பாட்டுக் காசு உண்டு, அதோட சரி.

காஸ்ட் அக்கவுண்டிங்ல 'ஐடில் டைம்'னு ஒரு பாடம் உண்டு. வேலை நடக்காம போற நேரத்துக்கும் கணக்கு எழுதணும். சாதாரணமா ஏற்படுறதா இருந்தா அதைப் பொருளோட விலையில சேர்க்கணும். அசாதாரணமானதுன்னா காஸ்டிங் லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டு போகணும். எங்கேயாவது ஒரு இடத்துல எழுதியே ஆகணும். ரோட்டோரம் மூணு நாள் நிக்கிற டிரைவரோட நேரத்தை எந்தக் கணக்குல எழுதுறாங்க? எதுலயும் இல்லை. அந்தச் செலவை அவரோட உடம்பு கட்டுது.

சட்டம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1961ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துலயே, ராத்திரி தங்க வேண்டிய இடத்துல முதலாளி ஓய்வறை கொடுக்கணும்னு பிரிவு இருந்தது. ஆனா அஞ்சு பேருக்குக் குறையாம வேலை பார்க்கிற நிறுவனங்களுக்குத்தான் அது செல்லும். ஒண்ணு ரெண்டு லாரி வச்சிருக்கிற ஓனர்கிட்ட போய் ஒரகடத்துல ரூம் கட்டுன்னு சொன்னா அவர் சிரிப்பார். 2025 நவம்பர் 21ல நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் ஓய்வறை விஷயம் இருக்கு. 2025 அக்டோபர் 1க்குப் பிறகு தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னும் சொல்லிட்டாங்க. நல்லதுதான். ஆனா இஞ்சின் ஓடினாத்தான் ஏசி ஓடும். நிக்கிற வண்டியில ராத்திரி முழுக்க டீசல் எரிக்க எந்த ஓனர் விடுவார்?

எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் பங்க்குகள்ல 'அப்னா கர்'னு டிரைவர்களுக்குத் தங்குமிடம் கட்டறாங்க. படுக்கை, குளியலறை, சொந்தமா சமைக்க இடம், எல்லாம் உண்டு. சரியான யோசனை. ஆனா 2025 நடுவுல நாடு முழுக்கச் சேர்த்தே படுக்கைகள் அஞ்சாயிரத்தைத் தொடலை. அதோட, பங்க் இருக்கிறது ஓடுற வழியில. டிரைவர் நாள்கணக்குல காத்துக்கிடக்கிறது ஃபேக்டரி வாசல்ல.

அதனால என் கட்சி இதுதான்: சரக்கை அனுப்புற கம்பெனிதான் காத்திருக்க வைக்குது, அதனால காத்திருக்கிற இடத்தையும் அதுவே கொடுக்கணும். அரசு தொழிற்பேட்டைக்கு நிலம் ஒதுக்கும்போதே லாரி நிக்க ஒரு மைதானம், குழாய், கழிப்பறை, நாலு அடுப்பு மேடைன்னு நிபந்தனை போடட்டும். இப்பவே சில கம்பெனிகள் உள்ளே இடம் வச்சிருக்கலாம், அவங்களுக்கு இது பாரமே இல்லை.

"செலவு ஆகுமே"ன்னு கேப்பீங்க. ஒரு உத்தேசக் கணக்கு போடுறேன். ஒரு வண்டியில எட்டு கார். ஒரு ராத்திரிக்கு நூறு ரூபாய் மைதானக் கட்டணம்னு வைங்க. கார் ஒண்ணுக்கு 12 ரூபாய் 50 பைசா. மூணு ராத்திரின்னா 37.50. பல லட்ச ரூபாய் கார்ல இது சீட் கவர் காசுக்குக்கூட வராது. நாப்பது வண்டி நின்னா மாசம் 1,20,000 ரூபாய் வசூல். தண்ணி, துப்புரவு, வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் அதுலயே ஓடும். நிலம் மட்டும்தான் வெளியில இருந்து வரணும், அதுக்குத்தான் நிபந்தனை.

"அவங்களுக்கு இது பழகிப் போச்சு"ன்னும் சிலர் சொல்வாங்க. பழகினது வேற, பிடிச்சது வேற. மூணு நாள் சரியாத் தூங்காத அதே ஆள்தான் நாலாவது நாள் ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டுல அந்த நீள வண்டியை ஓட்டிட்டு வர்றார். பக்கத்துல பைக்ல போறது நீங்களும் நானும்தான்.

டிஸ்கி: நூறு ரூபாய்ங்கிறது என் உத்தேசம். இருநூறு ஆகும்னு சொல்ற பி.காம். மக்கள் தாராளமா மாத்திப் போட்டுப் பாருங்க. கார் ஒண்ணுக்கு இருபத்தஞ்சு ரூபாய்தான் வரும்.