விசில் அடித்தால் விரட்டாதீர்கள்!

செங்கல்பட்டு ஜங்ஷன் பக்கம் குடியிருப்போருக்கு, ரயில் சத்தம் தாலாட்டு. விருந்தாளிக்குத் தான் தூக்கம் கெடும். புதிதாக வந்த நாய்க்குட்டியும் விருந்தாளி தான்! நமக்கு, 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதற்கோ, 45 ஆயிரம் வரை கேட்கும்.

குக்கர் விசிலுக்குப் பயந்து, கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால், சிரிக்காதீர்கள், வெளியே இழுக்காதீர்கள். மிரட்டினால் தைரியம் வராது.

புதியவற்றை எளிதில் ஏற்கும் பருவம், சுமார் 3 முதல் 14 வாரம் வரை தான். எட்டாவது வாரத்தில் வந்த குட்டிக்கு, மிச்சம் ஆறே வாரம்!

அடுக்களையில் மிக்சி ஓடும்போது, தள்ளியிருக்கும் அறையில் பிடித்த தீனி கொடுங்கள். பயமில்லை என்றால், தினமும் கொஞ்சம் நெருங்கட்டும்.

தீபாவளி வெடிக்கு மிரண்டு, ஜி.எஸ்.டி., சாலைக்கு ஓடியபின் அழுவதை விட, இன்றே பழக்குவது நல்லது தானே!